எட்டாம் எண்ணின் சுட்டுவிரல்

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் திகதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது என் நினைவாற்றலால் அல்ல. எங்கள் பேஸ்போல் கழகத்தின் ஸ்கோர் புத்தகத்தில், ஏழாம் சுற்றின் அடியில், அது முடிந்த நேரம் என் கையெழுத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. நேரத்தை எழுதி வைக்கும்படி எவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காத வேலையைத் திருத்தமாகச் செய்வது அந்நாளைய என் நோய்களில் ஒன்று.

மூன்று ஆண்டுகள் கழித்து, சென்ற வாரம் வீடு மாறுவதற்காக அலுமாரியை ஒதுக்கியபோது அந்தப் புத்தகம் கையில் அகப்பட்டது. திறந்தவுடன் தோடம்பழ மணம், அந்த ஆரஞ்சுப் புளிப்பு மணம், வந்தது. அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் தோடம்பழத்தைத் துண்டுகளாக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஒரு பிஸ்கட் ரின்னில் அடைத்துத் தருவார். முதல் வாரம் அதைத் தின்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் இருமிக் கண்ணீர் விட்டார்கள். மூன்றாம் வாரம் ரின் வரப் பிந்தினால் கோபித்துக்கொண்டார்கள். அந்தச் சாறு பட்டுப் பல பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஜூலை 17இன் பக்கம் மட்டும் ஒட்டவில்லை. அன்று நான் ஒரு துண்டும் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடல் கடந்து வந்த நாங்கள் அப்போது சிட்னிக்கு வெகு தெற்கே, ஸ்பிரிங்வேலில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கொழும்பில் நில அளவையாளராக இருந்த அப்பா இங்கே ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு இலக்கமிட்டுக்கொண்டிருந்தார். நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் முதலாம் ஆண்டு மாணவி. விரிவுரையாளர் என் பெயரை வாசித்தால் பயம், தொலைபேசி அடித்தால் பயம், பேருந்தில் மணியை இழுக்கப் பயம். இழுக்காமல் இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கி நடந்த நாட்களும் உண்டு. ஸ்கோர் எழுதும் வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதே.

நண்பரே, உங்களுக்கு பேஸ்போல் தெரியாது என்று வைத்துக்கொண்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டத்தில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஸ்கோர் புத்தகத்தில் பெயரில்லை, எண் மட்டுமே. தொலைவில், புல்வெளியில் நிற்கும் மூவருக்கு ஏழு, எட்டு, ஒன்பது. நடுவில் நிற்பவர் எட்டு. மூவரிலும் அதிகம் ஓட வேண்டியவர் அவர். உயரே வரும் பந்தை ஓடிப் பிடித்து, அங்கிருந்தே எறிய வேண்டும். அந்த எட்டு என் அண்ணா.

அண்ணா யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர். எங்கள் பாடசாலையில் கையுறை விக்கெட் காப்பாளருக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்கள் இரண்டு வெறுங்கைகளையும் சேர்த்துக் குழியாக்கிப் பிடித்தார்கள். இங்கே இடக்கையில் தோல் கையுறை, வலக்கை எறிவதற்கு. பந்து கையுறைக்குள் விழுந்த பிறகு வலக்கை மூடியாக வரலாம், அதற்கு முன்னால் வரக் கூடாது. அண்ணாவின் வலக்கை முன்னால் வந்தது. பத்து முறையில் ஒன்பது முறை வராது. பத்தாவது முறை, அவசரத்தில், சின்ன வயதுக் கை தானாக எழும்பிவிடும்.

“ஏய் டெஸ்ட் மேட்ச், கையுறையைக் கடையில திருப்பிக் குடுத்திட்டு வா” என்று மற்றவர்கள் கத்துவார்கள். கோச் சிரிக்க மாட்டார். பயிற்சியின்போது அண்ணாவின் வலக்கையைப் பின்புறம் இடுப்புப் பட்டியோடு கட்டிவிட்டு ஓட விடுவார். வீட்டு முற்றத்தில் அதே வேலையை அம்மாவின் பழைய சேலைக் கிழிசலால் நான் செய்தேன். கட்டிவிட்டுப் பந்தை உயர எறிவேன். நான் எறியும் பந்து பெரும்பாலும் அயல்வீட்டு ரோசாச்செடிக்குப் போகும்.

ஜூலைதான் இங்கே குளிர்காலம். அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். புதிய ஆட்டக்காரரைத் தேடித் திரிவது அவர் தொழில். ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் மைதானத்தில் மூன்று பேரை மட்டும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர்களில் அண்ணாவும் ஒருவர். நடுப் புல்வெளியிலிருந்து, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் பிடிப்பவரை நோக்கி ஒன்பது எறிகள். பிறகு ஓட்டம், பிறகு துடுப்பால் பந்தடிப்பு. எறிதான் முக்கியம் என்று கோச் சொன்னார்.

அமெரிக்கக் கழகம் ஒன்றின் ஒப்பந்தம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை அண்ணா, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியில், மேசைமேல் ஒரு கடித உறையின் பின்புறத்தில் எனக்குப் படமாகக் கீறிக் காட்டினார். ஓர் ஏணி, ஐந்து படிகள். கீழ்ப்படியில் சிற்றூர்கள், எட்டு மணி நேர பஸ் பயணம், யாரோ ஒரு குடும்பத்தின் பின்னறையில் கட்டில். ஒவ்வோர் ஆண்டும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சியவர்கள் ஒரு படி ஏறுவார்கள். கால் ஓர் அடி தாமதமானால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவார்கள். எறி தளர்ந்தால் பையைக் கட்டச் சொல்வார்கள்.

“முப்பத்திரண்டு வயசில எல்லாம் முடிஞ்சிடும்” என்றார்.

“பிறகேன் அண்ணா போறீங்கள்?”

“முடியிறதுக்கு முதல் தொடங்க வேணுமே.”

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தாமலே சொன்னார்: “படிப்பை விட்டிட்டு ஊர் ஊராப் போய்ப் பந்து பொறுக்கப் போறார். இதுக்கே கப்பலேறி வந்தனாங்கள்?”

“பிளேனிலதானே அப்பா வந்தனாங்கள்” என்றார் அண்ணா. அம்மா சட்டியைப் பார்த்தபடி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் பத்திரிகையின் பக்கத்தையும் திருப்பவில்லை.

இனி அந்த நான்கு மணி பத்து நிமிடம். ஏழாம் சுற்றில் எதிரணிக்கு இருவர் ஆட்டமிழந்திருந்தார்கள். வெயில் சாய்ந்து, அடிப்பவர் ஓடித் தொட வேண்டிய மூன்றாம் தளத்துக்குப் பின்னால் மரங்களுக்குள் இறங்கியிருந்தது. அடித்த பந்து உயர எழுந்து அண்ணாவுக்குப் பின்னால் போயிற்று. அவர் முதுகைக் காட்டி ஓடினார், திரும்பினார், வெளிச்சம் கண்ணில் அடித்தது. வலக்கை முன்னால் எழும்புவதைக் கண்டேன். பந்து விரலில் பட்டுக் கையுறைக்குள் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாமவரும் போனதால் சுற்று முடிந்தது. அண்ணா பந்தை எறிய வேண்டியிருக்கவில்லை, கையுறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் கட்டத்தில் எட்டு என்று எழுதினேன். உடைந்த விரலை எழுத அந்தப் புத்தகத்தில் குறியீடு கிடையாது.

எட்டாம் சுற்றில் அவர் பக்கம் பந்து போகவில்லை. வெளிச்சம் போதாதென்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். விரலுக்கு நேர்ந்தது என்னைத் தவிர வேறு எவருக்கும் தெரியவில்லை.

எங்கள் காருக்குள், இருவரும் தனியே இருந்தபோது, அண்ணா வலக்கையைத் தொடைமேல் வைத்துக் காட்டினார். சுட்டுவிரலின் மேல் மூட்டு நீலமாக வீங்கியிருந்தது. நுனி கீழ்நோக்கித் தொங்கியது. நிமிர்த்தச் சொன்னேன். மற்ற விரல்கள் நிமிர்ந்தன.

“ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்றேன்.

“போனால் கட்டுப் போடுவான். கட்டுப் போட்டால் நாளைக்கு எறியேலாது. ஒன்பது பந்து, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் சொல்லாதை.”

“நிரந்தரமா இப்பிடியே நிண்டிட்டா?”

“சொல்லாதை எண்டனான்.”

“ஓம்” என்றேன். என் வாழ்நாளில் நான் மிகத் தெளிவாக உச்சரித்த சொற்களில் அது ஒன்று.

வீட்டுக்கு வந்ததும், இருட்டுவதற்கு முன், பின்முற்றத்தில் பரீட்சித்துப் பார்த்தார். சுட்டுவிரலை நடுவிரலோடு சேர்த்துப் பிளாஸ்ரரால் சுற்றச் சொன்னார். சுற்றினேன். வேலியில் ஒரு வாளியை மாட்டி அதை நோக்கி எறிந்தார். பந்து விரலிலிருந்து வழுகி இடப்பக்கம் பாய்ந்தது. அங்கே கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் காதோரமாகப் போய், அப்பாவின் சேர்ட்டைத் துளைப்பதுபோல் அடித்து விழுத்தியது. ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். அம்மா குனிந்து சேர்ட்டை எடுத்து உதறினார்.

“பாத்து எறி தம்பி. இது இப்ப தோய்ச்சது.”

அண்ணா சிரித்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. நான் முற்றத்து மூலையில், கோழிக்கூடு போன்ற சிறிய சாமான் கொட்டிலுக்குள் போய், எதையோ தேடுபவள்போல் நின்றேன். ஒன்பது எறிகள். அவற்றில் எது எங்கே போகும்? மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்பவர்கள் யார்? விரல் திரும்பி வராவிட்டால்? நான் சொன்னால் அண்ணா என்னை வாழ்நாளில் மன்னிப்பாரா? சொல்லாவிட்டால் நான் என்னை? இலக்கிய மாணவியான எனக்குக் கேள்விகளை அடுக்க நன்றாக வரும்.

இராச் சாப்பாட்டில் அண்ணா கரண்டி கேட்டார். எங்கள் வீட்டில் சோற்றைக் கரண்டியால் எவரும் தின்றதில்லை.

“என்ன தம்பி புதினமாய்?” என்றார் அம்மா.

“அமெரிக்காவுக்குப் பழகிறன்.”

இடக்கையால் கரண்டியைப் பிடித்து, மீன்குழம்பை மேசையில் சிந்தியபடி தின்றார். வலக்கை மேசைக்குக் கீழே இருந்தது. அப்பா அந்த மேசை விளிம்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். அண்ணா போனதும் கோச் முதலில் வலக்கையைக் காட்டச் சொன்னார். காட்டியதும் தலையசைத்து, வந்தவரிடம் ஏதோ சொன்னார். வந்தவர் மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, அன்று மாலையே சிட்னிக்குப் போய்விட்டார். எலும்பில் துண்டு பெயர்ந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எறிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் வைத்தியரைக் கேட்டேன். பெரிதாக ஒரு சேதம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “சொல்ல முடியாது” என்றார். அந்த மூன்று வார்த்தைகளுக்கு மேல் எனக்கு எந்த மன்னிப்பும் கிடைக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதால் மூன்று.

மதியம் அண்ணா வாசலில் நின்றபடியே அப்பாவிடம் கேட்டார்: “கரண்டியைக் கண்டிட்டு நீங்கள்தானே கோச்சுக்குப் போன் பண்ணினனீங்கள்?”

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. “ஓம். நான்தான்” என்றார்.

அமெரிக்காவிலிருந்து மறுபடி எவரும் வரவில்லை. விரல் நேரானது, ஆனால் முழுமையாக அல்ல. அண்ணா இன்னொரு பருவம் ஆடினார், நடுவில் அல்ல, ஓரத்தில். பிறகு நிறுத்திவிட்டார். இப்போது தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலை. மூன்று ஆண்டுகளாக அவரும் அப்பாவும் அம்மாவின் மூலமே பேசிக்கொள்கிறார்கள்: “அப்பாவிட்டச் சொல்லுங்கோ”, “அவனிட்டச் சொல்லு”. கழகம் வேறொரு கழகத்தோடு சேர்ந்து பெயர் இழந்தது. எட்டாம் எண் நின்ற புல்லின்மேல் இன்று கடைத்தொகுதியின் கார்கள் நிற்கின்றன. பிஸ்கட் ரின் எங்கே போயிற்றென்று அம்மாவுக்கும் தெரியாது. எல்லாம் போயிற்று, என் பயத்தைத் தவிர. அண்ணா என்னை “தங்கச்சி” என்று அழைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு கணம் மூச்சைப் பிடிக்கிறது.

அந்த ஞாயிறு காலை நான் ஆறே முக்காலுக்கு எழுந்தேன். அண்ணா வலக்கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து உறங்கிக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளியேறி, படியில் அதைக் காலில் மாட்டிக்கொண்டு, உறைபனி படர்ந்த புல்லில் நடந்து மைதானத்துக்குப் போனேன். கோச் தனியே, சுண்ணாம்புத் தள்ளுவண்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வழி நெடுக அமைத்து வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொன்னேன்: அண்ணாவின் சுட்டுவிரல் உடைந்திருக்கிறது, தயவுசெய்து அவரை எறிய விடாதீர்கள்.

அவர் வண்டியை நிறுத்தினார். “நீ சொன்னதென்று அவனுக்குத் தெரியலாமா?”

“வேண்டாம்.”

அவர் தலையசைத்துவிட்டுக் கோட்டைத் தொடர்ந்தார். நான் அதன்மேலேயே நடந்து திரும்பினேன் என்பதை வீட்டு வாசலில்தான் கண்டேன்.

குசினியில் அப்பா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “எங்க போட்டு வாறாய்?”

“சும்மா நடந்தனான், அப்பா.”

அவர் என் சப்பாத்துகளைப் பார்த்தார். இரண்டும் வெள்ளையாக இருந்தன.

“அதைக் கழுவு, பிள்ளை” என்றார். “அவன் எழும்பப் போறான்.”

பின்முற்றத்துக் குழாயடியில் குந்தியிருந்து, சுண்ணாம்பு முழுவதும் போகும்வரை கழுவினேன்.