வேண்டாம் டாக்டரின் அண்ணன்

அந்த ஆஸ்பத்திரியில் அவள் அறைக்குள் முதுகைப் பிடித்துக்கொண்டு நுழைந்தவர்களில் பாதிப்பேர் ஏமாந்துதான் வீடு திரும்பியிருக்கிறார்கள். பின்னே? ஆபரேஷனுக்கென்று லீவு போட்டு, சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் பண்ணி, மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவரிடம், "ஆபரேஷன் வேண்டாம், எழுந்து நடங்க" என்றால் எப்படி இருக்கும்? வாசலில் முதுகெலும்பு சர்ஜன் என்று பலகை. உள்ளே போனால் கத்தியைத் தொடமாட்டேன் என்கிறாள். வேண்டாம் டாக்டர் என்று பெயர் வைத்தது யாரோ ஒரு நோயாளிதான். வார்டு ஆட்கள் முதல் கேன்டீன்காரர் வரை அதுவே நிலைத்துவிட்டது. அவள் காதிலும் விழுந்தது, சிரித்துக்கொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, வெட்டத் தெரியாதவள் இல்லை. வெட்டவேண்டிய முதுகாக இருந்தால் அடுத்த நாளே மேசையில் படுக்க வைத்துவிடுவாள். அதற்கு முன்னால் ஒரு பாடு படுத்துவாள், அவ்வளவுதான். நோயாளி நீட்டும் ஸ்கேன் கவரை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைப்பாள். "படம் எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல உங்களைப் பார்க்கிறேன்" என்பாள். செருப்பைக் கழற்றச் சொல்வாள். குதிகாலால் நட, நுனிக்காலால் நட என்பாள். எவ்வளவு பெரிய கம்பெனி மேனேஜராக இருந்தாலும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அந்த அறைக்குள் வாத்து நடை நடந்தே தீரவேண்டும். அப்புறம் கையால் தொட்டுப் பார்ப்பாள். கடைசியாக அந்தக் கேள்வி வரும். "ஒன்னுக்கு ஒழுங்கா போகுதா? போறது தெரியுதா? உட்கார்ற இடத்துல மரத்துப்போன மாதிரி இருக்கா?" கூச்சமெல்லாம் கிடையாது. வெளியே வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

இந்தப் பிடிவாதம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தையல்காரம்மாவுக்கு ஆபரேஷன் செய்தாள். ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. அதை அழகாக எடுத்தாள், தழும்புகூடத் தெரியாமல் தைத்தாள். வலி மட்டும் இம்மிகூடக் குறையவில்லை. வலி முதுகிலேயே இல்லை, இடுப்பு மூட்டில் இருந்தது. காலை மடக்கித் திருப்பிப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அன்றைக்குக் கவிழ்ந்ததுதான் அந்த ஸ்கேன் கவர்.

கல்யாணத்துக்கும் இந்த 'வேண்டாம்'தான் காரணம். முதுகுவலியோடு வந்த ஒரு கணக்கு வாத்தியாரிடம், ஆபரேஷன் வேண்டாம், தினமும் சாயங்காலம் நடங்கள் என்றாள். மனிதர் சொன்ன பேச்சைத் தட்டாமல் நடந்தார், நேராக ஆஸ்பத்திரி வாசல்வரை. முதுகு சரியான பிறகும் நடந்தார். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டே விட்டார். அதற்கு மட்டும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவளுக்கென்று பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவன்தான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற லாரி வைத்திருந்தான். பீரோ, பிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் அவனே முன்னால் நின்று தூக்குவான். முதலாளியாச்சே, ஓரமா நில்லுங்களேன் என்றால் கேட்கமாட்டான். யார் வீட்டு மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாலும், "நான் முதுகை உடைக்கிறேன், என் தங்கச்சி ஒட்டுறா" என்று பெருமை அடிக்காமல் இறங்கமாட்டான்.

அப்படிப்பட்டவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இடதுகாலில் சுரீர் சுரீர் என்று இழுக்கிறது என்று போனில் சொன்னான். ஸ்கேன் எடுத்து, படத்தையும் போனிலேயே அனுப்பினான். அவள் அப்போது இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே நின்றபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கட்டைவிரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். டிஸ்க் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. இந்த மாதிரி ஆயிரம் பார்த்தாயிற்று. "ஒண்ணும் பயமில்ல அண்ணா. கனம் தூக்காதே. நட. தானா அடங்கிடும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். ஊரார் முதுகையெல்லாம் தொட்டுப் பார்த்தவள் அண்ணன் முதுகைப் படத்தில் பார்த்தாள். சொந்தக்காரனுக்கு டோக்கனும் இல்லை, வைத்தியமும் இல்லை!

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்தார்கள். அண்ணன் முகம் தெளிவாக இருந்தது. "தங்கச்சி சொன்னா சொன்னதுதான். நேத்து ராத்திரியிலிருந்து இழுக்கிற வலியே இல்ல, போயே போச்சு" என்றான். நடை மட்டும் கொஞ்சம் தள்ளாடியது. அவள் கவனிக்கவில்லை, சந்தோஷத்தில் பொரியலை இன்னொரு கரண்டி எடுத்து அவன் தட்டில் வைத்தாள். கவனித்தது வாத்தியார்தான். பாத்ரூமுக்குப் போய் நேரம் கடத்தும் பையன்களைப் பிடித்தே காலம் தள்ளிய மனிதர் அவர். மச்சான் இதோடு மூன்றாவது தடவையாக உள்ளே போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பதைப் பார்த்தார். சமையலறைக்கு வந்து மனைவி காதில் போட்டார்.

"மச்சான் பாத்ரூம்ல என்ன பண்றார்? தண்ணி குடுத்தாலும் வேண்டாம்ங்கிறார்."

கரண்டி அவள் கையிலேயே நின்றது. வலி போனதும் நடை தள்ளாடுவதும் ஒன்றுக்கொன்று சேர்ந்துகொண்டன. அண்ணன் வெளியே வந்ததும் கூடத்தின் நடுவில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒன்னுக்குப் போகுதா இல்லையா?"

"சீ, என்ன பேச்சு இது! மாப்பிள்ளை நிக்கிறார்."

"மாப்பிள்ளை கிடக்கட்டும். போகுதா?"

அண்ணன் சுவரைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "காலையிலிருந்து வரமாட்டேங்குது" என்றான், குரல் பாதாளத்திலிருந்து வந்தது.

"உட்கார்ற இடம்?"

"மரத்துக் கிடக்கு. பஞ்சு மெத்தைமேல உட்கார்ந்த மாதிரி இருக்கு. நான் வெயில்ல லாரி ஓட்டுன சூடுன்னு நினைச்சேன்."

அவனைச் சோபாவில் சாய்த்து அடிவயிற்றில் கை வைத்தாள். கல்லாக உப்பியிருந்தது. அழுத்தினாள். "முட்டுதா அண்ணா?" "இல்லையே, ஒண்ணும் தெரியலையே" என்றான் அவன் வெள்ளந்தியாக. அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிதுங்கியிருந்த டிஸ்க் துண்டாகி உள்ளே விழுந்து, கீழே போகும் நரம்புக் கொத்து முழுவதையும் நசுக்குகிறது. வலி போகவில்லை, வலியைச் சொல்லவேண்டிய நரம்பு வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கே எடுக்காவிட்டால் அண்ணன் ஆயுசுக்கும் மூத்திரக் குழாயும் பையுமாகத் திரியவேண்டியதுதான்.

"கிளம்பு, ஆபரேஷன்" என்றாள்.

"ஊரெல்லாம் வேண்டாம் வேண்டாம்னு சொல்ற. எனக்கு மட்டும் வேணுமாக்கும்? சாப்பாட்டையாவது முடிச்சுட்டு வரேனே."

"வாயைத் திறந்தா அறைஞ்சிடுவேன்."

பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் அப்படிப் பேசியதில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். வாத்தியார் வண்டியை எடுத்தார். இவ்வளவு வேகமாக அவர் ஓட்டுவார் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் மளமளவென்று நடந்தன. முதலில் குழாய் போட்டு, தேங்கியிருந்த சிறுநீரை வடித்தார்கள். புது ஸ்கேன், அவள் பயந்ததையே காட்டியது. சக சர்ஜனுக்குப் போன் போனது. அவரை எல்லோரும் ஊமைக்கோட்டான் என்பார்கள். ஒரு நாளில் பத்து வார்த்தை பேசினால் அதிகம், ஆனால் கை பேசும். அவர் வந்து சேர்வதற்குள் அவள் பழக்கதோஷத்தில் தொட்டி முன்னால் நின்று முழங்கைவரை நுரை வழியத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"மேடம், நீங்க வேண்டாம்."

"நான் சும்மா பக்கத்துல..."

"கையைப் பாருங்க."

பார்த்தாள். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தது. ரத்த சொந்தத்தின்மேல் யாரும் கத்தி வைக்கக்கூடாது என்று அந்தப் பிரிவில் சட்டம் போட்டதே அவள்தான். நுரையைக் கழுவினாள். அந்தப் பச்சை உடுப்போடேயே வெளியே போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலியில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. எத்தனை குடும்பத்தை அங்கே உட்காரச் சொல்லியிருப்பாள்! இரும்பு இடுப்பை உறுத்தியது. கதவில் இருந்த கண்ணாடி வழியே பார்த்தால் எதிர்ச்சுவர் மட்டும் தெரிந்தது. உள்ளே யாரோ எதையோ கீழே போட்ட சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. நரம்பை விலக்குகிறார்களா, உறை கிழிந்துவிட்டதா, ரத்தம் நிற்கவில்லையா என்று தெரிந்த கெடுதலெல்லாம் ஒன்றுவிடாமல் மனசில் வந்து நின்றன. கொஞ்சம் குறைவாகப் படித்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

"எவ்வளவு நேரம் ஆகும் அண்ணி?" என்று கேட்டாள்.

அண்ணி திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "டாக்டர் நீயா, நானா?" என்றாள். சொல்லிவிட்டு அழுகையும் சிரிப்புமாக அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கதவு திறக்கும்வரை விடவில்லை.

கதவு திறந்தது. ஊமைக்கோட்டான் முகமூடியை இறக்கினார். "பெரிய துண்டு. முழுசா வந்துடுச்சு. நரம்பு நல்லா விரிஞ்சுது" என்றார். ஒரு மாசத்துக்கான பேச்சை ஒரேயடியாகப் பேசிவிட்டார் மனிதர். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. நரம்பு பிழைத்ததா என்பதை நரம்புதானே சொல்லவேண்டும்? அண்ணன் மயக்கம் தெளிந்து கால்விரல்களை ஆட்டினான். ஆட்டட்டும், நல்லதுதான். அதைவிடக் கஷ்டமான பரீட்சை பாக்கி இருந்தது.

மறுநாள் விட்டு அதற்கு மறுநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். அண்ணனைத் தண்ணீராகக் குடிக்க வைத்தார்கள். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் குடித்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் ரவுண்ட்ஸ் போகிறேன் என்று கிளம்பி, நாலு கட்டில் தாண்டுவதற்குள் திரும்பி வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள் என்பதே அவளுக்கு நினைவில்லை.

மூன்றாம் தடவை வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அண்ணி பாத்ரூம் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். வாத்தியார் பக்கத்தில் நின்றார், நர்ஸ் மாத்திரைத் தட்டோடு நின்றாள். வேண்டாம் டாக்டரும் போய்ச் சேர்ந்துகொண்டாள். உள்ளே சத்தமே இல்லை. குழாயும் திறக்கவில்லை. அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் போவதற்குள் டாக்டருக்கு ஒரு யுகம் கழிந்தது.

பிறகு கேட்டது. முதலில் விட்டுவிட்டு, அப்புறம் நிற்காமல்.

"போகுது!" என்று உள்ளேயிருந்து அண்ணன் கத்தினான். "ஏய், போகுதுடி! போறது தெரியுது!"

வார்டே கேட்டது. பக்கத்துக் கட்டிலில் கழுத்துப் பட்டையோடு கிடந்த ஒரு பெரியவர் என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டினார். நர்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வேண்டாம் டாக்டர் அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கணவர் தோளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நிற்கவில்லை.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். கதவுக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் காதுவரை சிவந்துபோனான். "மானமே போச்சு. இதையெல்லாம் கூட்டம் போட்டா கேப்பீங்க?" என்றான். யாரும் நகரவில்லை. அவன் மெல்ல நடந்து தங்கை பக்கத்தில் வந்து நின்றான். குனியக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நின்றபடியே அவள் தலையில் கை வைத்தான்.

"ஏன் அண்ணா முதல்லயே சொல்லல?" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஊர்ல எல்லாரையும் கேக்குறியாமே, லாரிக்காரப் பசங்ககூடச் சொல்லுவானுங்க. என்னை ஒரு தடவைகூட நீ கேக்கலையே."

குறையாகச் சொல்லவில்லை அவன். உள்ளதைச் சொன்னான். அவள் கோட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே கேக்குறேன். தினமும் கேக்குறேன்" என்றாள்.

"தினமும் வேணாம் தாயே" என்றான் அண்ணன். "கேளு. ஆனா சாப்பிடும்போது மட்டும் விட்டுடு."