வள்ளம் சுமக்கும் பாதைகளும் கேட்கக்கூடாத கேள்வியும்

வள்ளத்தில் மனிதர் போவதைப் பார்த்திருப்பீர்கள். மனிதர் மேல் வள்ளம் போகிற பயணத்தை விற்றுச் சாப்பிடுவதுதான் எங்கள் தொழில்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி சிஞ்ஞோரா ரோசாலியா. கனடாவின் வடக்குக் காட்டில் ஏரி ஏரியாகத் துடுப்புப் போட ஆசைப்படுகிற ஆட்களுக்குப் பயணம் ஒழுங்கு செய்து கொடுப்பார். ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை வள்ளத்தையும் மூட்டைகளையும் தோளில் வைத்துக்கொண்டு காட்டுக்குள்ளால் நடக்க வேண்டும். அந்த நடைபாதைக்குப் பெயர் போர்ட்டேஜ். அதை ஒருவரும் துப்புரவாக்குவதில்லை. மரம் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

நான் அங்கே தரை துடைக்கப் போனவன். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்றபடியால், கனடாவில் வள்ளம் வாடகைக்கு விடுகிறவர் எழுதுவதை வாசித்துச் சொல்லவும், பயணிகளின் மூட்டைகளை நிறுக்கவும் என்னை மேசைக்கு ஏற்றிவிட்டார்கள். வீடு துடைக்கிறவர்களே, குசினியில் நிற்கிறவர்களே, நீங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் வெந்தவர்கள்தானே. இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அந்த வருடம் என் மனம் வேறொரு பயணத்தில் கிடந்தது. எனக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்து, மனைவி மங்களாவையும் நாலு வயது மகள் சுகியையும் கூப்பிடுவதற்கு அனுமதியும் வந்திருந்தது. ஆனால் அவர்கள் இருந்தது யாழ்ப்பாணத்தில். சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்தது. வெளியே வர இரண்டே வழிதான். ஒன்று, கிளாலியில் படகேறிக் கடல்நீரேரியைக் கடப்பது. மற்றது, கொம்படிப் பக்கம் சேற்றுக்குள் இறங்கி நடப்பது. முதலாவதில் கடற்படையின் சூடு விழும். இரண்டாவதில் உயிர் போகும் அளவுக்குக் களைக்கும், சில நாள் அங்கேயும் சூடு விழும்.

ஆர் சுமக்கிறது?

லிபெர்த்தா வீதியில் பெரிய வீடு வைத்திருந்த, உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசு வந்தார். அறுபதை நெருங்கிய, நன்றாகச் சாப்பிட்ட உடம்பு. படத்தை விரித்து வைத்து ஒவ்வொரு போர்ட்டேஜாகச் சொல்லிக்கொண்டு போனேன். முதலாவது பரவாயில்லை. இரண்டாவதில் பாறை, அதுவும் மழைக்கு வழுக்கும். மூன்றாவது சதுப்பு, பாதை எது காடு எது என்று அங்கே போனவர்களுக்கே தெரியவில்லையாம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டவர், கடைசியில் வள்ளத்தை ஆர் சுமப்பது என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"ஏன், அங்கை உங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

கேட்காத கேள்வி

நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளிக்கிட்டு நிற்கிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி உள்ளே வந்து, கொஞ்ச நேரம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற காரியம் உருப்படாது. இந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவனைக் கொண்டுபோய்ப் பயண அலுவலகத்தின் முன்மேசையில் இருத்தினால் என்ன நடக்கும்? வருகிறவர்களுக்குக் கதிரை கொடுப்பேன், கோப்பி கொடுப்பேன், காலநிலை பற்றிக் கதைப்பேன். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டேன். அவர்களாகச் சொல்லும் வரை காத்திருப்பேன். சிலர் கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பிப் போயே போய்விட்டார்கள்.

சிஞ்ஞோரா இரண்டு தரம் கண்டித்தார். நானும் தலையாட்டினேன். ஆனால் அடுத்த ஆள் வந்ததும் மறுபடி கோப்பிதான், காலநிலைதான். பக்கத்து மேசையில் விமான ரிக்கற் போடுகிற சால்வோ தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னான்:

"சவப்பெட்டிக் கடைக்காரன்கூட ஆருக்கு எண்டு கேப்பான், நீ அதுவும் கேக்கமாட்டாய் போலை."

எதை விட்டுவிட்டு வருவது

நொத்தாரிசு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிறுக்க வந்தார். மடக்குக் கதிரை, மெத்தைத் தலையணை, கோப்பி போடுகிற மோக்கா, சுவர்க்கண்ணாடி அளவில் ஒரு கண்ணாடி. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இதை முழங்கால் சேற்றில் சுமப்பேனா என்று உங்களையே கேளுங்கள் என்றேன். நெடுநேரம் யோசித்து, மருந்துப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

அதே கிழமை மங்களாவின் செய்தி கொழும்பிலிருந்த அவளுடைய தமையன் மூலம் வந்தது. கலியாணக் கூறையையும் கொண்டு வருகிறாளாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்குவாயா சேலையைத் தூக்குவாயா, ஒரு பையோடு வா என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு மறுமொழியும் வந்தது:

"கூறையை விட்டிட்டு வாறதெண்டால், கட்டினவரையும் விட்டிட்டு இஞ்சையே இருந்திருப்பன் எண்டு சொல்லுங்கோ."

இரண்டில் ஒன்று

ஒரு நாள் மத்தியானம் கொழும்பு மச்சான் அலுவலகத்துக்கே போன் எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆள் ஒருவர் தகவல் கொண்டு வந்திருக்கிறார், மங்களா பிள்ளையோடு இந்தக் கிழமை வெளிக்கிடுகிறாள், வெளியே வருகிற சனம் வந்து சேரும் வவுனியாவுக்குத் தான் போய் நிற்கப் போகிறேன் என்றார். அங்கே போனால் அவரோடு கதைக்க வழியில்லை.

எந்த வழியால் வருகிறாள்? கேட்க வாயெடுத்தேன். எதிரே சால்வோ இருந்தான், சுவரில் கனடாப் படம் தொங்கியது, அதில் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட போர்ட்டேஜ்கள். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் மனைவி எந்தக் கரையில் நிற்கிறாள் என்று தெரியாது. கேட்டால் அவளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கேட்கவில்லை. மச்சானும் அதே பழக்கத்தில் வளர்ந்தவர்தானே. அவராகவும் சொல்லவில்லை.

"ஒண்டும் யோசியாதையும் மச்சான், ரெண்டு வழியிலை ஏதோ ஒண்டாலை வருவாள்."

பாதை சரியில்லை

பலெர்மோவின் சீசாப் பகுதியில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த மன்னார் அந்தோனி அண்ணை, காலையில் நான் வேலைக்கு இறங்கும்போது படியில் மறித்தார். ரேடியோவில் கேட்டதாம், கிளாலியில் படகுகளுக்குச் சூடு விழுந்து சனம் செத்திருக்கிறதாம். பெயர்கள் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் எப்படி ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. கொம்படி, கொம்படி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தச் சேற்றை அவ்வளவு ஆசையோடு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அலுவலகத்தில் நொத்தாரிசு காத்திருந்தார். கனடாவிலிருந்து திரும்பி வந்த கையோடு முறைப்பாடு. கண்ணைச் சுற்றி நுளம்புக்கடி, ஒரு கால் வீங்கியிருந்தது. பாதை என்று ஒன்றே இல்லையாம். முழங்கால் வரை சேறாம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மனைவியை இழுத்துக்கொண்டு நடந்தாராம். இடையில் இருந்து அழுதாராம். நான் நின்றபடியே கேட்டேன். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவருடைய சேற்றுச் சப்பாத்தைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் மேசையில் அடித்தார்:

"பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு மனுசர் நடக்கிற பாதையே அது?"

மங்களா சொன்னது

நான் அரை உயிரோடு திரிந்தேன். கடைசியில் மச்சானின் போன் வந்தது. இரண்டு பேரும் வவுனியாவுக்கு வந்துவிட்டார்கள். அந்தோனி அண்ணை அன்று என்னைவிடக் கூட அழுதார். குளிர் தொடங்கும்போது அவர்கள் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார்கள். மங்களா மெலிந்திருந்தாள். கூறை வந்திருந்தது, அடிக்கரையில் சேறு காய்ந்திருந்தது.

வந்த பிறகு கேட்பதில் தோஷம் இல்லைதானே. எந்த வழியால் வந்தனீர் என்று கேட்டேன். சுகியை மடியில் வைத்துச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே சொன்னாள். முதலில் வெளிக்கிட்டது கிளாலிக்குத்தான். ஆட்களை ஏற்றிப் போகிற வான் வண்டியும் வாசலுக்கு வந்துவிட்டது. படலையைத் திறக்கும்போது பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா ஓடி வந்து, எங்கை பிள்ளை வெளிக்கிட்டிட்டாய் என்று கேட்டுவிட்டா. அவவுக்கு அது எப்போதும் உள்ள பழக்கம், அன்பில் கேட்பா. மங்களாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி உள்ளே போய், தண்ணீர் வார்த்துக் குடித்து, கதிரையில் இருந்தாள். வான்காரன் கத்தினான். இவள் அசையவில்லை. பூமணி அக்காவும் புருஷனும் பிள்ளைகளும் அடுத்த நடைக்கென்று கட்டி வைத்த மூட்டைகளோடு நின்றவர்கள். வெறுமையாய்ப் போகிற இடத்தில் அவர்கள் ஏறிப் போனார்கள். சூடு விழுந்தது அவர்களுடைய படகுக்கு. அதற்குப் பிறகுதான் மங்களா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொம்படிச் சேற்றில் இறங்கினாள்.

நான் சுகியின் காலைத் தடவிக்கொண்டு இருந்தேன். மங்களா சீப்பில் சிக்கிய மயிரைச் சுருட்டி எடுத்தாள்.

"அவ கேட்டதாலை நான் இருந்தன். அவவை ஒருத்தரும் கேக்கேல்லை."

அடுத்த கோடையிலிருந்து, கதவைத் திறந்து வருகிற ஒவ்வொருவரையும் வாசலிலேயே மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, இருத்தித் தண்ணீரும் கொடுத்தேன்; நான் ஒருவழியாகத் தொழில் பழகிவிட்டேன் என்று சிஞ்ஞோரா பார்க்கிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.