படத்தில் இல்லாத பாட்டு

நெடுந்தீவுக்குப் போகிற வள்ளத்தில் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். மெலிந்த மனிதர். குரல் மட்டும் எஞ்சின் சத்தத்தையும் மேவி வரும். கதைக்கும்போதெல்லாம் பலகையில் விரலால் தாளம் போடுவார்.

எங்கள் தீவின் இசை நாடகத்தில் மந்திரியாக வந்தவர் இவர்தான் என்று, வேஷம் இல்லாததால் அவர் சொல்லித்தான் அடையாளம் மட்டுக்கட்டினேன். அந்த நாடகத்தை வெளியூர் ஆட்கள் வீடியோப் படமாக்கியபோது, நீளம் கூடிப்போச்சென்று மந்திரியின் இரண்டு பாட்டையும் வெட்டிவிட்டார்கள். படத்தைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். போன திருவிழாவுக்கு நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள். வெட்டுப்பட்ட பாட்டில் ஒன்றை அவர் ஆசையோடு பாடத் தொடங்கினார்.

"படத்தில இல்லாததைப் பாடாதை, மந்திரி! உள்ளுக்குப் போ!"

சனம் கூவியது. பாட்டுப் பாதியில் நிற்கத் திரையை இழுத்துவிட்டார்கள்.

"தம்பி, நாடகம்தான் தாய். படம் அதின்ர பிள்ளை. பிள்ளையின்ர சட்டைக்கு அளவாத் தாயின்ர கையை வெட்டச் சொல்லினம்," என்றார் அவர், வள்ளத்தில் என் பக்கம் திரும்பி.

"இப்ப எனக்குப் பாடிக் காட்டுங்கோவன், அண்ணை."

"ஏலாது. அது சபைக்குக் கட்டின பாட்டு. வாற திருவிழாவிலயும் பாடத்தான் போறன். நீர் வருவீரோ?"

"ஓம்," என்றேன். அன்றைக்கு முதல் ஆளாகக் கூவினவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கரை வரும்வரை அவர் விரல், நின்றுபோன பாட்டின் மிச்சத்தைப் பலகையில் தட்டிக்கொண்டே வந்தது.