எரியாத சிவப்பு விளக்கு

ஜீப்பை வாங்குவதற்கு முன் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். விற்றவர் என் சொந்த அண்ணா. உப்புவெளியில் விடுதி நடத்துகிறார். வருகிற வெளிநாட்டுக்காரரை ஏற்றி இறக்க அதை வைத்திருந்தார். உயரமான, ஏழு பேர் தாராளமாக இருக்கக்கூடிய வாகனம். புதிது வாங்க எங்களுக்கு வழியில்லை. பழையதை வெளியாரிடம் வாங்கினால் ஏமாற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனாலும் என் சுபாவம் விடவில்லை. இணையத்தில் வாசித்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு போனேன். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். கால்விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். கடற்கரையில் நின்ற வாகனமாயிற்றே என்று குனிந்து அடிப்பக்கத்தில் துருவைத் தேடினேன். அண்ணா படியில் இருந்தபடி சிரித்தார்.

"மாப்பிளை பாக்கேக்க நீ இதில கால்வாசிக் கேள்வியும் கேக்கேல்லையடி."

"கேட்டிருந்தா உங்கட தங்கச்சி இப்பவும் உங்கட வீட்டிலதான் இருந்திருப்பா, மச்சான்," என்றார் என் கணவர்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு ஸ்டியரிங்குக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. குறை இருந்தால் விளக்கு எரியும், எரியாவிட்டால் குறையில்லை. இப்படித்தான் விளங்கி வைத்திருந்தேன். என் மனம் சமாதானமானது அதில்தான்.

"எங்கயும் இடிபட்டதோ?" என்று கடைசியாகக் கேட்டேன்.

அண்ணா கைத்தொலைபேசியில் எதையோ தேடினார். கணவர்தான் பதில் சொன்னார். "நான் எல்லாம் பாத்திட்டன். நீர் பயப்பிடாதேயும்."

அம்மன் கோயிலில் பூசை வைத்தோம். சில்லுகளின் கீழே எலுமிச்சம்பழங்களை வைத்தவரும் கணவர்தான்.

நான் படிப்பிக்கும் பாடசாலையில்தான் மகள் முதலாம் வகுப்பு. அன்றிலிருந்து தினமும் அவளைப் பின்னால் இருத்தி, நிலாவெளியிலிருந்து பட்டணத்துக்கு நானே ஜீப்பை ஓட்டிப் போனேன். தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எதிரே வரும்போது வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவேன். ஏதும் நடந்தாலும் எயார் பேக் எனும் காற்றுப் பை விரிந்து காப்பாற்றும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் ஜீப் சர்வீசுக்காகக் கராஜில் நின்றது. கூடப் படிப்பிக்கும் ஆசிரியை தன் வாகனத்தில் எங்களை ஏற்றிக்கொண்டார். அவர் ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பியதும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. உட்கார்ந்திருக்கும் மனிதன், அவன் முன்னால் ஒரு பந்து. அப்படி ஒரு படம். சற்று நேரத்தில் அணைந்துவிட்டது.

"ஐயோ, என்ன டீச்சர் இது? ஏதும் பிழையோ?"

"எயார் பேக் விளக்கு. தன்னைத் தானே சோதிச்சுப் பாக்குதாம். எரிஞ்சு அணைஞ்சா நல்லம். எரியவே இல்லையெண்டாத்தான் யோசிக்க வேணும்."

ஜீப் வீட்டுக்கு வந்ததும் திறப்பைத் திருப்பினேன். மற்ற விளக்குகள் எரிந்து அணைந்தன. அந்த மனிதன் படம் மட்டும் வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, ஜீப்புக்குள் இருந்தபடியே அண்ணாவுக்கு அழைத்தேன்.

அந்த விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டேன். அண்ணா சொன்னார்: "கந்தளாயில ட்ரைவர் மாட்டுக்கு விலத்தப் போய் மரத்தில அடிச்சவன். முன்னுக்கு இருந்த ரெண்டு பையும் வெடிச்சிட்டுது. புதுசு போடக் கட்டுப்படியாகேல்ல. விளக்கு எரிஞ்சுகொண்டே நிக்குமெண்டு கராஜ்காரன் அதைக் கழட்டி விட்டவன்." பிறகு அவரே கேட்டார்: "ஏன், உன்ர மனுசன் உனக்குச் சொல்லேல்லையே? அவருக்குச் சொல்லித்தானே தந்தனான்."

அண்ணாவோடு சண்டை பிடிக்கத்தான் அழைத்தேன். இணைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டுக்குள் போனேன்.

கணவர் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டேன். மறுக்கவில்லை.

"சொல்லியிருந்தா நீர் ஒரு நாளும் ஜீப்பை ஓடியிருக்க மாட்டீர். பயந்தே செத்திருப்பீர். உம்மட நிம்மதிக்குத்தான் சொல்லேல்ல."

"பிள்ளையும் அதிலதானே வந்தவ."

"பின்னுக்குத்தானே இருந்தவ. இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லத்தானே."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ என்றுகூட யோசித்தேன். என் பயம் அளவுக்கு மிஞ்சியதுதான். ஆனால் பயப்படுகிறவளுக்கு உண்மை தெரியக் கூடாது என்று முடிவெடுத்தது அவர். அந்த முடிவுக்குள் என்னை இருத்தி, பிள்ளையையும் ஏற்றி, தினமும் வாசலில் நின்று கை காட்டி அனுப்பியிருக்கிறார்.

ஜீப் இப்போது முற்றத்தில் நிற்கிறது. புதுக் காற்றுப் பைகள் போடும்வரை நானும் மகளும் பஸ்ஸில் போகிறோம்.

போன கிழமை மகளுக்குக் காய்ச்சல். நான் பாடசாலையிலிருந்து நேரே டிஸ்பென்சரிக்குப் போனபோது, கணவர் அவளைத் தோளில் போட்டபடி டொக்டரின் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஒண்டுமில்லையாம். சாதாரணக் காய்ச்சலாம்," என்றார். முன்பென்றால் அது எனக்குப் போதும். அவளை அவருடைய தோளிலிருந்து வாங்கிக்கொண்டு போய் அறைக் கதவைத் தட்டினேன். டொக்டர் எரிச்சல்படாமல் திரும்பவும் பார்த்தார்.

வெளியே வந்தபோது கணவர் கதிரையிலிருந்து எழும்பினார். "நான் சொன்னதைத்தானே அவரும் சொன்னவர்?"

"ஓம்," என்றேன்.

பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.