செவுளைத் தூக்கிக் காட்டிய அமுதம்

காலை பத்து இருபதுக்கு அத்தையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேசியது அத்தை இல்லை. கரையாம்புத்தூரில் அவரிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் காசம்மாள்.

"வெண்ணிலாவா? ஒன் மாமியாரு எங்க வூட்டு வாசல்ல கூடைய எறக்கி வெச்சிட்டு ஒக்காந்துச்சு. தண்ணி கேட்டுச்சு. கொண்டாறதுக்குள்ள சாஞ்சிடுச்சும்மா. நீ வந்துடு."

அவர் குரலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது தெரிந்தது.

அத்தையின் பெயர் அமுதம். பனித்திட்டிலிருந்து அன்னக்கூடையோடு முதல் பஸ் ஏறி, பாகூரில் மாறி, கரையாம்புத்தூருக்கு மீன் கொண்டுபோய் இருபத்தெட்டு வருடம் விற்றவர். மீனோடு இன்னொன்றும் கொண்டுபோவார்: முந்தின இரவு டிவியில் பார்த்த தொடரின் மீது தன் தீர்ப்பு. கரும்புத் தோட்டத்து வேலை முடிந்து எட்டு மணிக்கே தூங்கிவிட்டவர்கள் கதையைக் கேட்பார்கள். பார்த்தவர்கள் தீர்ப்பைக் கேட்பார்கள். கதை சூடாகும் இடத்தில் நிறுத்திவிட்டு, "சங்கரா அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்பாராம்.

வீட்டிலும் அவர் வாய் மூடிப் பார்த்ததில்லை. "அழுவுறா, மூக்க சிந்த மாட்றா. இது இன்னா அழுவ?" என்பார். ஒரு படத்தில் கதாநாயகன் படகில் நின்று நீளமாக வசனம் பேசினான். "கால் அசையாம நிக்கறான் பாரு. படகத் தரையில வெச்சி எடுத்திருக்கானுவ" என்றார். என் மகள் அபிதா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கோ எரிச்சலாக இருந்தது. நான் படித்தவள், படத்தைப் படமாகப் பார்க்கத் தெரிந்தவள் என்ற நினைப்பு.

அபிதாவின் பிளஸ் டூ பரீட்சை நெருங்கியதும், ஜனவரியில் கேபிளைத் துண்டித்தேன். "பரீட்சை முடிஞ்சதும் திரும்பக் குடுத்துடுறேன் அத்த" என்றேன். அவர் மறுக்கவில்லை.

"பக்கத்து வூட்டுல போய்ப் பாருங்களேன்."

"அடுத்த வூட்டு டிவி முன்னால வாயத் தொறக்க முடியுமாடி? வாயத் தொறக்காம இன்னாத்தப் பாக்குறது? நீ போன்ல படிச்சிச் சொல்லு, போதும்."

தினமும் போனில் வரும் கதைச் சுருக்கத்தைப் படித்துச் சொன்னேன். மூன்று வாரம் ஒழுங்காகச் சொன்னேன். ஒருநாள் நூலகத்தில் இருப்புக் கணக்கெடுப்பு. களைத்துப் போய் வந்து படுத்திருந்தேன். தலைமாட்டில் வந்து நின்றார்.

"இன்னா ஆச்சு நாடகத்துல அந்தக் கெழவிக்கு?"

போனை எடுத்துப் பார்க்கவே இல்லை. "மாமியார் செத்துட்டா அத்த. மாடிப்படியில உருண்டுட்டா."

"அய்யய்யோ! யாரு தள்ளுனா?"

"பெரிய மருமவ."

"அவதான். அவ குங்குமம் வெக்கிற தினுசப் பாத்தே சொன்னேன்ல!" என்று திருப்தியோடு போனார்.

மறுநாள் கூடையில் பாதி மீன் திரும்பி வந்தது. "பஸ்ஸு லேட்டு" என்றார். அன்று இரவு கதை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று மாலை காசம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கமான மனுசி. ஒருநாளு வந்து, நாடகத்துல மாமியாக்காரி செத்துட்டான்னிச்சு. மொத நாளு ராத்திரிதான் கெழவி குத்துக்கல்லாட்டம் ஒக்காந்து பாயசம் குடிக்கிறா, நாங்க எல்லாம் பாத்தோம்! சும்மா வுடுவோமா? 'இன்னா அமுதம், உயிரோட இருக்கறவளக் கொன்னுட்டு வர்ற, நீ சொல்ற மீனும் இப்படித்தானா? நேத்துப் புடிச்சதா, போன வாரமா?'ன்னு ஓட்டுனோம்."

"அத்தை இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சிது. 'பாதியில தூங்கிட்டேன்டி, கனவு கண்டுட்டேன் போலருக்கு'ன்னிச்சு. அதோட நாடகப் பேச்சே எடுக்கல. ஆனா அன்னியிலேர்ந்து ஒவ்வொரு மீனா எடுத்துச் செவுளத் தூக்கிக் காட்டும். 'பாத்துக்கோ, செவப்பா இருக்கா? பாத்துட்டு வாங்கு'ங்கும். அதுக்கு முன்ன அது கூடையில நாங்க யாரும் செவுளப் பாத்து வாங்குனதே இல்லம்மா. அது சொல்றதுதான். வெளையாட்டுக்குச் சொன்னோம், அது மனசுல வெச்சிக்கிச்சு."

காசம்மாள் அழுதார். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். அப்போதே சொல்லியிருக்கலாம், பொய் சொன்னது அத்தை இல்லை, நான்தான் என்று. இரண்டு மாதம், வெயிலில், தினமும் நாற்பது ஐம்பது மீனுக்குச் செவுளைத் தூக்கிக் காட்டியவர் என் பெயரை ஒருமுறைகூட அங்கே சொல்லவில்லை. வீட்டில் என்னிடமும் கேட்கவில்லை.

காசம்மாள் எழுந்தபோது பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பஸ் வந்தது, படியில் கால் வைத்தவர் திரும்பி, "அதோட கூடை எங்க வூட்டுலயே இருக்கு. கழுவி வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோ" என்றார். சரி என்று மட்டும் சொன்னேன்.

காரியம் முடியும் வரை எங்கள் வீட்டு வரிசையில் யாரும் டிவி போடுவதில்லை. அபிதாவின் கடைசிப் பரீட்சை முடிந்தது அத்தை போவதற்குப் பதினோரு நாள் முன்னால். பரீட்சை முடிந்த அன்றே கேபிள்காரரைக் கூப்பிட்டேன். கேபிள் பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பத்து நிமிடத்தில் இணைப்பு வந்துவிடும் என்றார். பெட்டி பீரோ மேலேதான் இருக்கிறது. அந்தப் பதினோரு நாளில் போட்டோ எடுக்கவில்லை. இன்னும் எடுக்கவில்லை.