தாழிமேட்டில் இருளப்பசாமி நட்ட வேல்

பாம்பைக் கம்பால் தூக்கி வேலிக்கு அப்பால் எறிகிற இருளப்பசாமி, பையில் காகிதத்தோடு யாராவது பைக்கில் வந்தால் வைக்கோல்படப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஐம்பத்தெட்டு வயது. காரணம் உண்டு. அவருடைய சித்தப்பா நிலத்தைச் சாலைக்காரர்கள் முதலில் சும்மா அளந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இப்போது அதன்மேல் லாரி ஓடுகிறது.

திருச்சுழிக்குக் கிழக்கே அவருக்கு இருப்பது இரண்டு ஏக்கர். கரிசல்தான், நடுவில் மட்டும் ஒரு சரளைமேடு. அதில் பாறாங்கற்கள் வட்டம் வட்டமாகப் பாதி புதைந்து கிடக்கின்றன. பழங்காலத்தவர் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம் என்பார்கள் படித்தவர்கள். சாகாமல் சுருங்கிப்போன கிழங்களை உயிரோடு பானைக்குள் உட்காரவைத்து மூடிய இடம் என்பது ஊரார் கட்சி. உழும்போது பானை விளிம்பு தட்டினால் ஒரு கை கம்புத் தானியத்தைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு விலகி உழுவார்கள். உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

போன ஆவணியில் டிராக்டர் ஓட்ட வந்த பாண்டிராஜ் எட்டிப் பார்த்துவிட்டான்.

“மாமா, உள்ள பல்லு கெடக்கு.”

“ஏலே, மூடு.”

“சின்னப் பல்லு மாமா. பால்பல்லு.”

கிழவர்கள் என்றே நம்பியிருந்த இருளப்பசாமி ஒரு கை கம்பு அள்ளினார். கிழவரைப் புதைத்ததற்கு ஊரில் கதை இருந்தது, பிள்ளைக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தானியத்தைப் போட்டார். பாதி வெளியே விழுந்தது.

பாண்டிராஜ் எடுத்த படம் போனுக்குப் போன் தாவி, மதுரையில் தொல்லியல் ஆய்வு செய்யும் சுவாதியிடம் போய்ச் சேர்ந்தது. “ஐயா, அடுத்த வாரம் வந்து மேட்டைப் பார்க்கலாமா?” என்று அவள் போனில் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லப் பயந்து, வாங்க என்றார்.

மூன்றாம் நாள் அருப்புக்கோட்டை போய் ஒரு இரும்பு வேல் வாங்கிவந்தார். தாழி வாய்க்குப் பக்கத்தில் நட்டு, மஞ்சள் தடவி, சிவப்புத் துணி சுற்றினார்.

“என்ன சாமினு கேட்டா என்னங்க சொல்றது?” என்றாள் மனைவி முருகலட்சுமி.

“தாழிக்கருப்பன்னு சொல்லு. சாமி இருக்கிற எடத்துல எவன் மம்பட்டி போடுவான்?”

சுவாதி வந்தாள். கற்களை அளந்தாள், படம் எடுத்தாள். “நிலத்தை யாரும் எடுக்கப்போறதில்லைங்க ஐயா. இது என் ஆய்வுக்குத்தான். தாழியை மட்டும் தோண்டாம விட்டுட்டு, சுத்தி எப்பவும்போல உழுதுக்கங்க” என்றாள். இருளப்பசாமி அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டார். “இந்தக் கோயில் எத்தனை வருஷமா இருக்கு?” என்று கேட்டாள் சுவாதி.

நாலு நாள் என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஊர்க்காரர்கள் நின்றார்கள். “பாட்டன் காலத்துலருந்து” என்றார்.

“சத்தியமான சாமி, அக்கா” என்றான் பாண்டிராஜ். “எட்டிப் பாத்ததுக்கு மூணு நாளு காய்ச்சல்ல போட்டுருச்சு. கெடா வெட்டுறேன்னு வேண்டினேன், விட்டுருச்சு.”

கிடா வெட்டினான். புரட்டாசிக்குள் வேலுக்குப் பக்கத்தில் கோயில் மணி வந்தது. சாமியைச் சுற்றிக் கலப்பை வரக்கூடாது என்று ஊர் பேசி, ஒரு ஏக்கருக்குக் கயிறு கட்டியது. மீதியிலும் செருப்போடு நடக்கக்கூடாதாம்.

“நீங்க நட்டதுதானே, நீங்களே புடுங்குங்க” என்றாள் முருகலட்சுமி.

ஆள் நடமாட்டமில்லாத உச்சிவெயிலில் போனார். ஒரு முழம்கூட ஆழமில்லாமல் அவரே நட்ட வேல். இழுத்தார், வரவில்லை. மழை பெய்து காய்ந்து மண் இறுகியிருக்கும். அப்போது உடைந்த தாழி வாயில் காற்று புகுந்து, சின்னப்பிள்ளை முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. காற்றுதான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தே ஓடினார். வேலடியில் கழற்றிவிட்ட செருப்பு அங்கேயே கிடந்துவிட்டது.

திரும்பப் போய் எடுக்கத் தைரியமில்லை. யாரிடமும் எடுத்துவரச் சொல்லவும் முடியாது. ஏன் போனீர்கள் என்று கேட்பார்கள். பொட்டலில் வெறுங்காலோடு நடந்து முள் குத்திக்கொண்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை முருகலட்சுமி பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பழைய செருப்புக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். கருப்பனுடையது என்று முடிவாகிவிட்டது. பக்கத்தில் நேர்த்திக்கடனாக ஆணி அடித்த புதுச்செருப்பு இரண்டு ஜோடி.