கும்பிட்டு விட்ட ஆகாயத்தாமரை

வேங்கிக்காலில் புதுவீட்டுக்குக் குடிவந்ததும் வாசலில் தண்ணீர் உருளி வைத்தேன். வெளியூர் ஏரி ஒன்றில் ஊதாப் பூவோடு மிதந்த ஆகாயத்தாமரையில் இரண்டு செடி எடுத்துவந்து அதில் விட்டேன். பெயரிலேயே தாமரை இருக்கிறதே என்று அதன் பூவைச் சாமிக்கும் வைத்தேன்.

ஒரே மாதத்தில் உருளி கொள்ளவில்லை. சாமிக்குப் பூ தந்த செடியைக் குப்பை வண்டியில் போடுவதா? கால் படாத இடமாக இருக்கட்டும் என்று, கிரிவலம் போனபோது அடி அண்ணாமலையில் ஒரு குட்டையில் விட்டேன். கும்பிட்டுவிட்டு வேறு வந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் போனால் குட்டையில் தண்ணீரே தெரியவில்லை, முழுக்கப் பச்சை. என் கண்ணெதிரே ஒரு கன்றுக்குட்டி அதைப் புல்தரை என்று நினைத்துக் கால் வைத்து முங்கிவிட்டது. அதை வளர்க்கும் செல்வி இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்க, நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். நல்லவேளை, பிழைத்தது.

"எந்தப் புண்ணியவதி இதைக் கொண்டாந்து வுட்டாளோ! இங்க இருந்த அல்லியெல்லாம் அழுகிப்போச்சு" என்றார் செல்வி.

"நான்தாங்க. சாமிக்குப் பூ வச்ச செடியாச்சேனு குப்பையில போட மனசு வரல" என்றேன்.

செல்வி கன்றைக் கரையில் கட்டிவிட்டு வந்தார். "தெரியாமதான வுட்டீங்க. சரி, பொடவையைத் தூக்கிச் சொருகுங்க. இந்தப் பக்கத்துலருந்து இழுக்கலாம்."

இப்போது ஞாயிறுதோறும் இருவரும் செடிகளை இழுத்துக் கரையில் காயப்போடுகிறோம். பூஜை முடிந்து வாடிய பூ எல்லாம் என் வீட்டுச் செம்பருத்தித் தொட்டி மண்ணுக்குப் போகிறது. போன வாரம் குட்டை நடுவே ஒரே ஒரு அல்லி பூத்திருந்தது. நான் பறிக்கவில்லை, சாமிக்குக்கூட.